கடைசிக் காணிக்கு வந்த பூ

அந்த வருடம் சிறுபோகம் விதைத்து, பயிர் பச்சை பிடித்திருந்த நேரம். முரசுமோட்டையில் என் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் வாய் இருந்தது. ஒருவரும் கதைக்கவில்லை. மகள் தவமணி பாயை விட்டு எழும்புவதும் திரும்ப அதே பாயில் போய்ச் சுருளுவதுமாக இருந்தாள். மனைவி பாக்கியம் குசினியில் சட்டி பானைகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வரம்பில் நின்று எங்கள் வாய்க்கால் பிள்ளையாரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு. பக்கத்துக் காணிக்காரர் நான் மாட்டைத் திட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். மாடு அன்று பட்டியில் நின்றது.

திருவிழா மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மற்ற அடியவர்கள் பிள்ளையார் நோய் மாற்றியதை, பாம்புக்கடியிலிருந்து காப்பாற்றியதை எழுதுவார்கள். நான் அவரைத் திட்டியதை எழுதுகிறேன். திட்டியும் பதில் சொன்னார் என்பதுதான் என்னுடைய சாட்சி. சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். கடைசிவரை வாசித்துவிட்டுச் சிரித்தால் எனக்கும் மரியாதை, அவருக்கும் மரியாதை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பகிடிச் சின்னராசா என்றால் கண்டாவளை வரைக்கும் தெரியும். செத்த வீட்டிலும் பகிடி விட்டு அடி வாங்கப் பார்த்தவன். யாழ்ப்பாணத்தில் இருக்க ஒரு துண்டு நிலமில்லாமல், குடியேற்றக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பாக்கியத்தையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தவன். காணிக்குச் சீட்டு எடுத்தபோது என் கை எதைத் தொட்டது தெரியுமா? கிளை வாய்க்காலின் கடைசிக் காணி. இரணைமடுக் குளத்திலிருந்து புறப்படும் தண்ணீர் எல்லாருடைய வயலையும் சுகம் விசாரித்துவிட்டு, களைத்துப்போய், கடைசியாக என்னிடம் வரும். தனியாகவும் வராது. வைக்கோல், கோரைப்புல், செத்த நண்டு, ஒருமுறை ஒரு ஒற்றைச் செருப்பு. அதன் சோடி வரும் என்று அடுத்த போகம் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை.

பிள்ளையாரோடு என் முதல் வழக்கு அந்தக் காணிதான். வாய்க்கால் தொடங்கும் இடத்தில் நீ குந்தியிருக்கிறாய், முடியும் இடத்தில் என்னைக் குந்தவைத்தாய், இது என்ன நியாயம் என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன். தேங்காயும் உடைப்பேன். அது வேறு, இது வேறு.

இரண்டாவது வழக்குத்தான் இந்தக் கதை.

தவமணி கிளிநொச்சியில் படித்தாள். எஸ்.எஸ்.சி.யில் நன்றாகச் சித்தியடைந்தாள். அவளுடைய ஆசிரியை ஒருவர் மலைநாட்டில், அப்புத்தளைக்கும் அப்பால், ஒரு சின்னக் கல்லூரியில் படித்தவர். அவர் தவமணியைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதுவித்து, எங்களிடம் ஒரு சொல் சொல்லாமல் அங்கே அனுப்பிவிட்டார். கல்லூரியிலிருந்து பதில் வந்தது. பிள்ளையை ஆவணி பிறந்ததும் அனுப்புங்கள், காசு வேண்டாம், ஒரு கம்பளி மட்டும் கொண்டுவரட்டும் என்று. வன்னியில் யாரிடம் கம்பளி இருக்கிறது? எங்களுக்கு வியர்வையைத் துடைக்கவே துணி போதாது.

காசு வேண்டாம் என்றதும் ஊர் பதறிப்போனது. காசு கேட்டிருந்தால் ஏழ்மை என்று ஒரு சாட்டு இருந்திருக்கும். இப்போது காரணம் சொல்லியே மறுக்க வேண்டும். எல்லாரும் காரணத்தோடு வந்தார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது, பொம்பிளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் விடுவதா என்றார்கள். அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று கேட்டார்கள். இலக்கியம், தருக்கம், வரலாறு, வானசாஸ்திரம், சங்கீதம், சித்திரம், எல்லாருக்கும் எல்லாம் என்று நான் சொன்னேன். அது படிப்பா, கதம்பச் சோறா என்று கேட்டார்கள். கோபம் வந்தாலும் அந்தப் பகிடி நல்லதாக இருந்ததால் பிறகு நானே அதை நாலு இடத்தில் சொன்னேன்.

எல்லாரிலும் எனக்குக் கோபம் மூட்டியவன் பாக்கியத்தின் தம்பி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். விடுமுறைக்கு வந்து என் கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு கேட்டான்:

"அத்தான், தருக்கம் படிச்ச பெட்டையை ஆர் கட்டுவான்?"

"உன்ரை அக்கா தருக்கம் படிக்கேல்லை," என்றேன். "பதினெட்டு வருசமாய் ஒரு வாதத்திலையும் நான் வெண்டதில்லை."

எல்லாரும் சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன் என்று எழுத ஆசைதான். கவனிக்கவில்லை.

டைப்பிங் பழக்குங்கள், ஒரு கந்தோரில் ஏற்றிவிடலாம் என்றான் சிவலிங்கம். சிங்களம் தெரியாவிட்டால் இனி உயர்வு இல்லை, இருக்கிற கதிரையும் நிச்சயமில்லை என்று வரும்போதெல்லாம் என் வீட்டு விறாந்தையில் இருந்து அழுகிறவனும் அவன்தான். அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, என் மகளையும் அந்தக் கதிரைக்கே ஆயத்தப்படுத்தச் சொல்வான். தன் கால் புதைந்த சேற்றில் மற்றவர் கால் வைக்காவிட்டால் மனிதனுக்கு ஏன் இவ்வளவு வருத்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, ஊர் சொல்வதை விட்டு நானே போய்ப் பார்க்கிறேன் என்று முடிவெடுத்தேன். பாக்கியத்தையும் கூப்பிட்டேன். "மாட்டை ஆர் பாக்கிறது?" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பனும் மகளும் பரந்தனில் ரயிலேறினோம்.

பொல்காவலையில் இறங்கி மலை ரயிலில் மாறினோம். ஏற ஏறக் குளிர் ஏறியது. நான் ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டு, அதற்கு மேல் சால்வையைச் சுற்றி, தலையில் துவாயைக் கட்டியிருந்தேன். யாரோ இறக்க மறந்த வெங்காய மூட்டை போல இருந்திருப்பேன். தவமணி என்னோடு வரவில்லை என்பதுபோல் அடுத்த யன்னலில் போய் இருந்தாள்.

கல்லூரி என்றார்கள். போய்ப் பார்த்தால் ஒரு பழைய துரை பங்களா. தகரக் கூரை. முன்னால் பூப்பாத்தி இருந்த இடமெல்லாம் லீக்ஸ், கோவா என்று மரக்கறி நட்டிருந்தார்கள். பிள்ளைகள்தான் கொத்தினார்கள், பிள்ளைகள்தான் தண்ணீர் ஊற்றினார்கள். மண்வெட்டி பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம், அது எங்கள் வீட்டிலேயே இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு ஒரு வகுப்புக்குப் பக்கத்தில் நின்றோம். ஒரு சின்னப் பெட்டை எழும்பி, ஆசிரியர் சொல்வது பிழை என்றாள். எங்கள் பள்ளிக்கூடமாக இருந்தால் பதிலை முதுகில் எழுதியிருப்பார்கள். அந்த ஆசிரியரோ ஏன் என்று கேட்டுவிட்டு, மேசை விளிம்பில் இருந்து, அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். கடைசியில், அரைவாசி சரி என்றார். நான் திகைத்துப்போய்த் தவமணியைப் பார்த்தேன். அவள் முகத்தை அப்படி நான் கண்டதில்லை. மடை திறந்து தண்ணீர் வரும்போது நாங்கள் வாய்க்காலைப் பார்ப்போமே, அந்த முகம்.

அதிபர் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா. பூர்வீகம் யாழ்ப்பாணம். கலியாணம் செய்யாதவர். தடித்த சால்வை ஒன்றைப் போர்த்தியிருந்தார். என்னைக் கண்டதும், "நீங்கள்தான் அந்தக் கடைசிக் காணிக்காரரோ?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தவமணி எழுதிய கட்டுரை எங்கள் வாய்க்கால் பற்றியதாம். தண்ணீர் முறையில் கடைசியில் இருப்பவனுக்கு ஏன் குறைகிறது, அதை எப்படிப் பங்கிடலாம் என்று. நான் பதினைந்து வருடமாகப் பிள்ளையாரிடம் புலம்பியதை இவள் வாதமாக எழுதி மலைக்கு அனுப்பியிருக்கிறாள். சந்தோஷமும் வந்தது, அவமானமும் வந்தது. இரண்டையும் மறைக்க முக்கியமான கேள்வியைக் கேட்டேன். இங்கே படித்தால் பிள்ளை என்னவாக வருவாள்?

"எனக்குத் தெரியாது," என்றார் அதிபர். "இப்பவே எங்களுக்குத் தெரிஞ்சால் அவள் ஏன் படிக்க வேணும்?"

குளிரில் என் பல் அடித்துக்கொண்டிருந்தது. கோபத்தில் இன்னும் வேகமாக அடித்தது. இரண்டு ரயில் மாறி, ஒரு இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்தது, எனக்குத் தெரியாது என்று ஒருவர் சொல்லக் கேட்கவா? டாக்குத்தர் படிப்பு என்றால் டாக்குத்தர். அப்போதிக்கரி என்றால் அப்போதிக்கரி. இது என்ன, விதையின் பெயர் சொல்லாமல் விதைக்கச் சொல்வது?

திரும்பும் வழியெல்லாம் நிறுத்துப் பார்த்தேன். தூரம், குளிர், காலம், பெயர் சொல்ல முடியாத படிப்பு, ஊர் வாய் என்று ஒரு தட்டு நிரம்பிக்கொண்டே போனது. மற்றத் தட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வகுப்பு வாசலில் நின்ற அந்த முகம். ஆனாலும் தராசு அசையவேயில்லை. முன்னால் இருந்து பொரிவிளாங்காய் கடித்துக்கொண்டிருந்த மகளிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டேனா? சுரங்கத்துக்குள் ரயில் போனபோது பேய் மாதிரிக் கத்திப் பகிடி விட்டேன். வேறொருவரின் குழந்தை அழுதது.

வீட்டுக்கு வந்து, என்னால் முடியாது, பிள்ளையார் முடிக்கட்டும் என்று அறிவித்தேன். பூக்கட்டிப் பார்ப்போம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து வாழைநாரால் கட்டிச் சுவாமி காலடியில் வைப்பார்கள். பூசை முடிந்ததும் ஐயர் கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் ஓம். சிவப்பு என்றால் இல்லை. எடுக்காத மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். பொட்டலம் கட்டுவது வீட்டுக்காரியின் வேலை. தலைக்குத் தோய்ந்து, விரதம் இருந்து கட்டுவாள்.

பாக்கியம் கட்டினாள். ஐயர் எடுத்தார். பிரித்தார். சிவப்பு.

சிவலிங்கம் விடுமுறை முடிந்தும் போகாமல் அன்று கோயிலில் நின்றான். பெரிய சத்தமாக அரோகரா சொன்னான். நான் மற்றப் பொட்டலத்தைத் தூக்கிக் கோயிலடி வாய்க்காலில் வீசினேன். விட வேண்டும் என்பதுதான் முறை. நான் வீசினேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தவமணி கேட்டாள்: "ஐயா, ஏனெண்டு கேக்கலாமோ?"

"பிள்ளையாரை ஏனெண்டு கேக்கேலாது, பிள்ளை."

"அந்தப் பள்ளிக்கூடத்திலை கேக்கலாம்," என்றாள். அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை.

நான் தொடக்கத்தில் சொன்ன, மூன்று பேரும் கதைக்காத அந்த ஒரு கிழமை, ஏழு நாள், இதுதான். பிள்ளை கேட்கக்கூடாது என்று சொன்ன கேள்வியை அப்பன் நாள் முழுவதும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். ஏன்? இவ்வளவு பெரிய காது வைத்திருக்கிறாய், யாருடைய கதையைக் கேட்கிறாய்? இவ்வளவு பெரிய வயிறு, என் பிள்ளையின் ஆசை ஒன்றுக்கு அதில் இடமில்லையா? உன் தும்பிக்கை வாயை மறைத்துக்கொண்டிருப்பது உனக்கு வசதியாகப் போய்விட்டது. கோயிலைத் தாண்டிச் சைக்கிளில் போகும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஆனால் இந்தக் கை இருக்கிறதே, பழக்கதோஷத்தில் குட்டிக் கும்பிட நெற்றிக்கு எழும்பிவிடும். பாதி வழியில் நினைவு வந்து தலையைச் சொறிவேன். அந்தக் கிழமை என்னைக் கண்டவர்கள் எனக்குப் பேன் என்று கதைத்தார்களாம்.

ஒரு நாள் காலை, வரம்பில் நின்று கடைசியாகச் சொன்னேன். பகிடி இல்லாமல் சொன்னேன். "ஏன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. சொல்லாட்டி இனி உன்ரை வாசலுக்கு நான் வரமாட்டன்." அவ்வளவுதான் என் பிரார்த்தனை. மந்திரமும் இல்லை, மரியாதையும் இல்லை.

அன்று என் தண்ணீர் முறை. வெயில் ஏறிவிட்டது. மடை திறந்திருந்தும் வயலுக்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மேல் காணிக்காரன் மறித்துவிட்டான் என்று மண்வெட்டியோடு புறப்பட்டேன். ஒருவரோடாவது நேருக்கு நேர் சண்டை பிடிக்கக் கிடைத்ததே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. மடையடிக்குப் போனால் பாவம், அவன் ஒன்றும் செய்யவில்லை. வழக்கமான குப்பைதான் வந்து அடைத்திருந்தது. வைக்கோலையும் புல்லையும் கையால் அள்ளி எறிந்தேன். அதற்குள் ஒரு வாழையிலைப் பொட்டலம்.

கறுத்துப்போயிருந்தது. ஆனால் நார் அவிழவில்லை. அந்த முடிச்சை எனக்குத் தெரியும். பாக்கியம் போடும் இரட்டை முடிச்சு. பலகாரப் பொதியிலிருந்து மாட்டுக் கயிறு வரைக்கும் அவள் போட்ட முடிச்சை எங்கள் வீட்டில் பல்லால்தான் அவிழ்க்கலாம். பிரிக்கக்கூடாது என்பது ஞாபகம் இருந்தது. அந்த நேரம் நானும் பிள்ளையாரும் கதையில்லைத்தானே. பல்லால் கடித்து இழுத்தேன். வாய்க்கால் சேறு வாய்க்குள் போனது.

உள்ளே செவ்வரத்தை. எங்கள் கிணற்றடி அடுக்குச் செவ்வரத்தை. அழுகி, கூழாகி, இலையெல்லாம் சாயம் இறங்கியிருந்தது. நந்தியாவட்டை இல்லை. வெள்ளையாக ஒரு இதழ் இல்லை.

ஐயர் எடுத்ததும் சிவப்பு. எடுக்காததும் சிவப்பு.

தண்ணீர் காலைச் சுற்றிக்கொண்டு வயலுக்குள் ஓடியது. பிறகு கோபம் வந்தது. அதுவரை வந்தது கோபமே இல்லை, அது ஒத்திகை. பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வரம்பில் ஓடினேன். பாதியில் வழுக்கிச் சேற்றுக்குள் விழுந்து, எழும்பித் திரும்பவும் ஓடினேன். கடவுள் பெயரில் கள்ளம் செய்தவளை விசாரிக்கப் போகிற நீதிபதி தலையிலிருந்து கால்வரை சேறு.

பாக்கியம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அவள் முன்னால் வைத்தேன்.

"ரண்டும் சிவப்பு," என்றேன்.

"ஓம்."

"நீர்தானே கட்டினது?"

"வேறை ஆர்?"

"பிள்ளையாரை ஏமாத்தினனீர்."

அவள் துருவலை நிறுத்தவில்லை. "பிள்ளையாருக்குப் பொம்பிளைப் பிள்ளை இருக்கோ? கலியாணமே கட்டாத மனிசன். இந்த விசயம் அவருக்கு என்ன தெரியும் எண்டு அவரிட்டைப் போனனீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு கோபத்துக்கும் நடுவில். அப்படியென்றால் முருகனிடம் போயிருக்கலாம், அவருக்கு இரண்டு பெண்சாதி என்று சொன்னேன்.

தேங்காய்ப் பாதியை அவள் கீழே போட்டாள். அது உருண்டு வாசல்வரை போனது.

"இப்பவும் பகிடி," என்றாள். "ஊரை விட்டு இந்தக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். வாறீரோ எண்டு ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ? யானை வந்து குடிசையைத் தள்ளின அண்டைக்கு, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டு நிக்கிறன், விருந்தாளி கதவைத் தட்டத் தெரியாமல் வந்திட்டார் எண்டு பகிடி விட்டனீங்கள். ஊரெல்லாம் சிரிச்சுது. நான் ஆரோடை அழுறது? இந்த வீட்டிலை கதைக்க எனக்கு ஒரு ஆள் இருக்கு. அதையும் மலையிலை கொண்டுபோய் வைக்கப் போறியள். நீங்கள் ரண்டு பேரும் போய்ப் பாத்தியள், வந்தியள். குளிரெண்டியள், பங்களா எண்டியள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆர் பக்கத்திலை கிடக்கிறது எண்டு அங்கை கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. என்னவாக வருவாள் என்று கேட்டேன்.

நாக்கு நுனிக்கு மூன்று பகிடி வந்தன. மூன்றையும் விழுங்கினேன். வாய்க்குள் இருந்த சேற்றோடு சேர்த்து விழுங்கினேன். என் வாழ்க்கையில் அதுதான் நான் செய்த பெரிய விரதம்.

தவமணி வாசலில் நின்றாள். கையில் அந்தத் தேங்காய்ப் பாதி. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே, அம்மா."

"சொன்னால் நீ நிண்டிருப்பாய்," என்றாள் பாக்கியம். "எனக்காக நிண்டனீ எண்டு இருக்கக்கூடாது. பிள்ளையார் சொல்லி நிண்டதாய் இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

பிறகு இருவரும் அழுதார்கள். நான் சேற்றோடு நின்றேன். யாரில் கோபிப்பது என்று தெரியாமல், கடைசியில் என்னிலேயே கோபம் வந்து நின்றது. அது வந்து சேர வேண்டிய இடம் அதுதான். அதுவும் கடைசிக் காணிக்குத்தான் வந்தது.

குளித்து, நல்ல வேட்டி கட்டி, பொட்டலத்தோடு கோயிலுக்குப் போனேன். ஐயரிடம் சொன்னேன். அவர் சிரிக்காமல், கோபிக்காமல் சொன்னார்: "ரண்டும் சிவப்பெண்டால் அவர் வாயே திறக்கேல்லை, சின்னராசா. சும்மா இருந்த ஆளோடை நீர் ஒரு கிழமை சண்டை பிடிச்சிருக்கிறீர்." பிறகு, இன்னொருமுறை நேர்மையாகக் கட்டிப் பார்க்கலாம், தான் ஆயத்தம் என்றார்.

பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தேன். ஏன் என்று கேட்டிருந்தேன். காலையில் கேட்டதற்கு வெயில் ஏறுவதற்குள் என் கைக்குப் பதில் வந்திருக்கிறது. இனி எதற்கு இன்னொரு பூ? வேண்டாம் ஐயா, கேட்க வேண்டிய ஆளை நான் இன்னும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, குட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். இந்தமுறை கை பாதி வழியில் நிற்கவில்லை.

பாக்கியத்திடம் சொன்னேன், "நீரும் வந்து பாரும். பாத்திட்டு வேண்டாமெண்டால் வேண்டாம். நான் ஒரு சொல்லுச் சொல்லமாட்டன்."

"மாடு?"

"சிவலிங்கம் பாக்கட்டும்."

பிள்ளையார் என் பக்கம் என்பதற்கு இன்னொரு அத்தாட்சி வேண்டுமானால், எழுதுவினைஞர் சிவலிங்கம் கந்தோருக்குச் சுகவீனம் என்று தந்தி அடித்துவிட்டு எங்கள் பட்டியில் சாணம் அள்ளிய காட்சியைச் சொல்வேன். சிவப்பு மாடு அவன் சால்வையைத் தின்றது.

பாக்கியம் கல்லூரியை நான் பார்த்த மாதிரிப் பார்க்கவில்லை. முன்வாசலால் போகவே இல்லை. பின்பக்கமாகக் குசினிக்குள் நுழைந்து பருப்புச் சட்டியைத் திறந்து மணந்தாள். பிள்ளைகளின் தலைமயிரைத் தொட்டு எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்தாள். படுக்கிற அறைக்குப் போய் மெத்தையை அமத்திப் பார்த்தாள். கிணறு எங்கே, கக்கூஸ் எவ்வளவு தூரம், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டாள். தருக்கம், வானசாஸ்திரம் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் அதிபர் அம்மாவுக்கு முன்னால் நின்று தன் கேள்வியைக் கேட்டாள். காய்ச்சல் வந்தால் ஆர் பக்கத்தில் கிடக்கிறது?

அதிபர் எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு பிள்ளை காய்ச்சலோடு படுத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கதிரை. அதன்மேல் நான் முதல்முறை வந்தபோது அவர் போர்த்தியிருந்த அதே சால்வை. "நான்தான்," என்றார். அவருடைய கண் சிவந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்?" என்று கேட்டாள் பாக்கியம்.

அந்த அம்மா கதிரையில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தார். என் கேள்விக்கு என்ன கெட்டித்தனமாகப் பதில் சொன்னவர். "அதை இதுவரை ஒருத்தரும் என்னட்டைக் கேட்டதில்லை," என்றார்.

பாக்கியம் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். காய்ச்சலுக்கு அவித்துக் குடிக்க வறுத்த மல்லியும் வேர்க்கொம்பும். எப்படி அவிப்பது என்று சொல்லிக்கொடுத்தாள். அந்த இரட்டை முடிச்சை அவிழ்க்க அதிபர் படும் பாட்டைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ரயிலில் அவள் நெடுநேரம் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. சுரங்கம் வந்தபோதும் கத்தவில்லை. மலை இறங்கி வெக்கை அடிக்கத் தொடங்கியதும் சொன்னாள்: "தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறா. போகட்டும்."

ஆவணி பிறந்தது. தவமணியின் பெட்டியை அடுக்கினார்கள். கம்பளிக்கு எங்கே போவது என்று நான் தலையைச் சொறிந்தேன். இந்தமுறை உண்மையாகவே சொறிந்தேன். பாக்கியம் அலுமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, சேலைகளுக்குக் கீழிருந்து ஒரு கம்பளியை எடுத்தாள். புதிது. சாம்பல் நிறம், ஓரத்தில் நீலக் கரை.

"எங்காலை இது?"

"முல்லைத்தீவிலையிருந்து வாற துணி விக்கிற முஸ்லிம் நானாவிட்டைச் சொல்லி எடுப்பிச்சனான்."

"எப்ப?"

அவள் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "பூக்கட்டுறதுக்கு முதல்," என்றாள்.

பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று எழுதினால் நீங்கள் பகிடி என்பீர்கள். இது பகிடி இல்லை.

அடியவர்களே, தவமணி இப்போது கடைசி வருடம். என்ன வேலை கிடைக்கும் என்று இன்றைக்கும் என்னை வழிமறித்துக் கேட்கிறீர்கள். உங்களில் பாதிப்பேர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், திருவிழா மலரில் என்றாலும் மறைக்கமாட்டேன். எனக்குத் தெரியாது. அதிபருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது, அது போதும். விடுமுறைக்கு வந்தால் என்னோடு வாதாடுகிறாள். ஐயா, கடைசிக் காணி என்றால் குப்பையெல்லாம் அங்கேதான் வரும், இதில் பிள்ளையார் எங்கே வந்தார் என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. தருக்கம் படித்த பிள்ளை. நான் திருப்பிக் கேட்டேன்: அந்தக் கடைசிக் காணியை என் கையில் தந்தது யார்? அத்தனை வருடம் அதற்காக நான் திட்டிய திட்டெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு சொல் சொல்லாமல், இந்த ஒரு பொட்டலத்துக்காக அவர் பொறுத்திருந்தார். அவள் மேசை விளிம்பில் இருந்து யோசித்துவிட்டு, அரைவாசி சரி என்றாள். அரைவாசி போதும். மிச்ச அரைவாசியை நான் நம்புகிறேன்.

என் வீட்டில் இப்போது பின்னேரத் தேத்தண்ணி நேரம் பகிடிக்கு விடுமுறை. பாக்கியம் கதைப்பாள், நான் கேட்பேன். இவ்வளவு கதை அவளிடம் இருந்ததா என்று வியப்பாக இருக்கிறது. காணியை மாற்றித் தா என்று நான் பிள்ளையாரிடம் கேட்பதில்லை. யாராவது மாற்றித் தர வந்தாலும் கொடுக்கமாட்டேன்.

உங்கள் வீட்டிலும் வாய் திறக்காத கிழமைகள் இருக்கும். வாருங்கள், வந்து அவரிடம் கேளுங்கள். கோபமென்றால் கோபத்தோடு கேளுங்கள், நான் கேட்டதைவிட மோசமாகக் கேட்க உங்களால் முடியாது, எனக்கே பதில் சொன்னவர் உங்களுக்குச் சொல்லாமல் இருக்கமாட்டார். பூக்கட்டிப் பார்க்க விரும்பினால் பாருங்கள். ஆனால் ஐயரிடம் போக முதல், பூவைக் கட்டுகிறவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, அவளை ஒரு சொல் கேட்டுவிட்டுப் போங்கள்.